நீதிமன்ற ஊழியர் செய்தி உங்கள் கைக்கு வந்தால்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீதிமன்ற அலுவலகத்தில் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். ஒரு நாள் தலைமை எழுத்தர் கூப்பிட்டு, "நீங்க நல்லா எழுதுவீங்களாமே, இந்த மாசத்துலேர்ந்து ஊழியர் செய்தியை நீங்களே பாத்துக்குங்க" என்பார். கூடவே பழைய இதழ்கள் நாலைந்து உள்ள ஒரு கோப்பும் கைக்கு வரும். புரட்டிப் பார்த்தால் யார் சேர்ந்தார், யார் மாறிப் போனார், யார் ஓய்வு பெற்றார் என்ற பட்டியலும், ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் "மேன்மேலும் சிறக்க வாழ்த்துகிறோம்" என்ற அதே வரியும் இருக்கும். அதைப் பார்த்து, பெயரை மாற்றிப் போட்டால் போதும் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நான் பல வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறேன், நீதிமன்றத்தில் இதைவிட மனநிறைவு தந்த கூடுதல் பொறுப்பு எனக்கு வேறு இருந்ததில்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீதிபதி இருக்கையில் வந்து உட்காருவதற்கு முன்னால் எத்தனை பேர் வேலை பார்த்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் காலையில் நின்று கவனியுங்கள். அன்றைய வழக்குகளின் கட்டுகளைப் பதிவறையிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தவர், நேற்றைய சாட்சியத்தை இரவோடு இரவாகத் தட்டச்சு செய்து முடித்தவர், முகவரி மாறிப்போன ஒருவரை மூன்று வீடு விசாரித்துக் கண்டுபிடித்துச் சம்மனைக் கையில் சேர்த்தவர், சான்றுப் பொருள் அறையின் சாவிக்குப் பொறுப்பானவர், கூடத்தைப் பெருக்கி நாற்காலி துடைத்தவர். தீர்ப்பில் இவர்கள் பெயர் வராது. ஒரு கட்டு காணாமல் போனாலோ, நகலில் ஒரு பக்கம் விட்டுப்போனாலோ மட்டும் "யார் பார்த்தது?" என்று பெயரைக் கேட்பார்கள். நல்ல காரணத்துக்காக அவர்களுடைய பெயர் எழுத்தில் வருகிற இடம் உங்கள் கையில் இருக்கிற அந்த ஒன்றிரண்டு பக்கங்கள்தான்.

ஆனால் மற்ற அலுவலகங்களில் எழுதுவது போல இங்கே எழுத முடியாது. இங்கே வாசலுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் எதிரே இன்னொரு தரப்பு இருக்கிறது, நாம் எழுதும் பாராட்டை அந்தத் தரப்பும் படிக்கும். அதனால் வேலையைப் பாராட்டுங்கள், வழக்கைத் தொடாதீர்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

முதல் வாரம்: எழுத வேண்டாம், நடந்து பாருங்கள்

உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதினால் உங்கள் பிரிவைச் சுற்றியிருக்கும் ஐந்தாறு பேரைப் பற்றித்தான் எழுதுவீர்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கட்டடம் முழுக்க ஒரு சுற்று வாருங்கள். மனு வாங்கும் கவுன்டர், வழக்குக்கு எண் போடுகிற பிரிவு, நகல் பிரிவு, பதிவறை, கணக்கு, கணினி அறை, நூலகம், ஸ்டெனோக்கள், கூடத்தில் நீதிபதிக்கு உதவியாக உட்காரும் பெஞ்ச் கிளார்க்குகள், மொழிபெயர்ப்பாளர்கள், ஜப்தி போன்ற உத்தரவுகளை நிறைவேற்றப் போகும் அமீனாக்கள், சம்மன் கொண்டுபோகிறவர்கள், ஓட்டுநர்கள், வாசலில் சோதனை செய்கிற காவலர்கள், தூய்மைப் பணியாளர்கள், இரவுக் காவலர். ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களையும் விடாதீர்கள். "அவங்க நம்ம ஸ்டாஃப் கிடையாது" என்று யாராவது சொல்வார்கள், அதைக் கேட்டு விட்டுவிட்டீர்களானால் பத்து வருடம் அதே கூடத்தைப் பெருக்கியவர் ஒரு நாளும் உங்கள் பக்கத்தில் வரமாட்டார்.

ஒவ்வொருவரிடமும் நான்கு விஷயம் மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரை எப்படி எழுத வேண்டும், முதலெழுத்தோடு சேர்த்து; வேலையில் சேர்ந்த தேதி; இந்த நீதிமன்றத்துக்கு வந்த தேதி; ஊழியர் செய்தியில் தன் பெயரோ படமோ வருவதில் சம்மதமா. பெயரை அவர்களையே உங்கள் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஊழியர் செய்தியில் நடக்கிற தவறுகளில் மனத்தை அதிகம் வருத்துவது பெயர்ப்பிழைதான். முப்பது வருடம் வேலை பார்த்தவரின் ஓய்வுச் செய்தியில் அவர் பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டு அப்புறம் எத்தனை வருத்தம் தெரிவித்தாலும், அவர் வீட்டில் எடுத்து வைக்கப்போகும் தாளில் அந்தப் பிழை அப்படியேதான் இருக்கும்.

சம்மதம் கேட்பதை மரியாதைக்குச் செய்கிற சடங்காக நினைக்க வேண்டாம். அமீனாவும் சம்மன் கொண்டுபோகிறவரும் கோபத்தில் இருக்கும் வீடுகளுக்குத் தனியாகப் போகிறவர்கள். ஜப்தி செய்ய, வீட்டைக் காலி செய்து ஒப்படைக்க என்று போகிற ஒருவரின் படத்தையும், அவர் எந்தப் பகுதியில் குடியிருக்கிறார், பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்பதையும் அன்போடு எழுதி வைத்தால், அது யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. காவலர்கள் விஷயமும் இதேதான். யார் எந்த வாசலில், எத்தனை மணிக்கு மாற்றம் என்பதெல்லாம் பாராட்டுச் செய்தியில் வரக் கூடாது. பெயர் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் ஏன் என்று கேட்காதீர்கள். நோட்டில் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

எதை எழுதக் கூடாது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படித்துவிடுங்கள்.

1923-ல் இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியில் நடந்த ஒரு சின்ன வழக்கு. சாலை விபத்து ஒன்றில் ஆபத்தாக மோட்டார் வண்டி ஓட்டியதாக ஒருவருக்குக் கீழ் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. தீர்ப்பை யோசிக்க நீதிபதிகள் உள்ளே போனபோது துணை எழுத்தரும் கூடப் போனார், சட்டத்தில் ஏதாவது சந்தேகம் வந்தால் சொல்வதற்காக. அந்த எழுத்தர் பங்குதாரராக இருந்த வக்கீல் நிறுவனம், அதே விபத்தில் எதிர்த்தரப்புக்காக நஷ்டஈடு கேட்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, அவரும் வாயைத் திறக்கவில்லை. அப்படியிருந்தும் மேல் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. நீதி வழங்கப்பட்டால் மட்டும் போதாது, வழங்கப்படுவது சந்தேகமில்லாமல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று தலைமை நீதிபதி ஹூவர்ட் பிரபு சொன்னது இந்த வழக்கில்தான். உலகம் முழுக்க நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிற அந்த வாக்கியம் பிறந்ததே நம்மைப் போன்ற ஒரு எழுத்தரால் என்பதை நான் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வேன். எழுத்தர் பேசாமல் உட்கார்ந்திருந்ததே ஒரு தீர்ப்பைக் கவிழ்த்தது என்றால், நாம் அச்சடித்து ஒட்டுகிற தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தானே வேண்டும்.

ஆகவே வழக்கின் பெயர், எண், கட்சிக்காரர் பெயர், எந்த ஊர்க்காரர், என்ன குற்றம், என்ன தீர்ப்பு, எதுவும் வேண்டாம். வழக்கு முடிந்துவிட்டது என்பது சமாதானம் ஆகாது, மேல்முறையீடு இருக்கும், மறுவிசாரணை வரலாம். "பரபரப்பான அந்தக் கொலை வழக்கில் இரவு பகலாக உழைத்தார்" என்று எழுதினால் பெயர் போடாமலேயே பெயர் போட்டது போலத்தான். ஒரு தரப்புக்கு உதவியதாகத் தோன்றுகிற எந்த வரியும் கூடாது: "பாதிக்கப்பட்டவர்களிடம் கனிவாக நடந்துகொள்பவர்" என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் விசாரணை முடியும்வரை பாதிக்கப்பட்டாரா இல்லையா என்பதே கேள்வி அல்லவா. "வருகிற எல்லோரிடமும் பொறுமையாகப் பேசுபவர்" என்று எழுதிவிட்டுப் போகலாம்.

இன்னொன்று, வேகக் கணக்கு. "சென்ற மாதம் அதிக வழக்குகளை முடித்த நீதிமன்றம்" என்று ஒரு பெட்டிச் செய்தி போட ஆசை வரும், எண்ணிக்கை கையில் இருக்கும், பிரிவுக்கும் பெருமையாக இருக்கும். அதைத் தோற்றுப்போன ஒருவர் எப்படிப் படிப்பார் என்று யோசியுங்கள். தன் வழக்கை அவசரமாக முடித்துவிட்டார்கள் என்றுதான் படிப்பார். நகல் எத்தனை நாளில் கிடைக்கிறது, கவுன்டரில் காத்திருக்கும் நேரம் எவ்வளவு குறைந்தது என்பது போன்ற, இரு தரப்புக்கும் ஒரே மாதிரி பயன் தருகிற வேலைகளுக்கு எண்ணிக்கை போடலாம். தீர்ப்புகளுக்கு வேண்டாம்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். ஓய்வு பெறும் ஒரு பெஞ்ச் கிளார்க்கைப் பற்றி எழுதும்போது, சாட்சி சொல்ல வந்த ஒரு குழந்தை பயந்துபோய் நின்றதையும், அவர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்ததையும் எழுதினேன். பெயர் இல்லை, ஆண்டு இல்லை, வழக்கு என்னவென்று இல்லை. ஆனால் அது சின்ன நீதிமன்றம், அந்தக் கிளார்க் கடைசியாக எந்த நீதிமன்றத்தில் இருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும், குழந்தை சாட்சி வந்த வழக்கும் ஒன்றிரண்டுதான். ஒட்டிய அன்றே பதிவறையில் இருந்த ஒருவர் வந்து, "இது எந்த வழக்குன்னு படிச்ச உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார். ஒட்டியதையெல்லாம் கிழித்து, கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கி, மறுபடி அடித்தோம். அந்தக் குழந்தைக்கு எந்தக் கெடுதலும் வரவில்லை, ஆனால் அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. அதற்குப் பிறகு, உணர்ச்சியான ஒரு சம்பவத்தை எழுதத் தோன்றினால், இந்தக் கட்டடத்தில் இருக்கும் ஒருவரால் வழக்கைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பதிவறைக்காரர் ஒருவரிடம் காட்டிக் கேட்காமல் அச்சுக்குக் கொடுப்பதில்லை.

விஷயத்தை எப்படிச் சேகரிப்பது

ஒருவரைப் பற்றி அவருடைய சக ஊழியரிடம் கேட்டால் முதலில் வருவது "ரொம்ப நல்ல மனுஷன், கடின உழைப்பாளி" என்பதுதான். அவர்கள் மனதாரச் சொல்கிறார்கள், ஆனால் அதை வைத்து எதுவும் எழுத முடியாது. கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "அவர் லீவு போட்ட அன்னிக்கு என்ன வேலை நின்னுபோச்சு?" இந்த ஒரு கேள்விக்கு இதுவரை எனக்குப் பதில் வராமல் இருந்ததில்லை. அப்புறம், "எதுல மாட்டிக்கிட்டா அவர்கிட்ட ஓடுவீங்க?", "அவர்கிட்ட கத்துக்கிட்டது ஒண்ணு சொல்லுங்க". இந்த மூன்றும் போதும்.

பதிவறையில் இருப்பவரைப் பற்றி இப்படிக் கேட்டபோது கிடைத்தது: பழைய அலமாரிகளில் கட்டுகள் எண் வரிசையில் இல்லை, வந்த வரிசையில் இருந்தன, அதனால் பழைய கட்டு ஒன்று வேண்டுமென்றால் அரை நாள் ஆகும். அவர் யாரும் சொல்லாமலேயே வேலை குறைவான மதியங்களில் அலமாரி அலமாரியாகப் பிரித்து, எந்தத் தட்டில் எந்த ஆண்டு என்று ஒரு குறிப்பேடு போட்டிருக்கிறார். இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. இப்போது புதிதாக வந்தவர்கூட அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துச் சில நிமிடங்களில் கட்டை எடுத்துவிடுகிறார். "கடின உழைப்பாளியான இவர்" என்பதை அடித்துவிட்டு இதை அப்படியே எழுதினேன், வேறு அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை. அவர் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு, "இது யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்" என்றார்.

அந்தந்த வேலை எவ்வளவு கடினம் என்பது உங்களுக்கே முதலில் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாராட்டு மேலோட்டமாக இருக்கும். ஸ்டெனோ என்றால் வேகமாக எழுதுகிறவர் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். அமெரிக்காவில் நீதிமன்றச் சுருக்கெழுத்தர்களுக்கான தொழில்முறைத் தேர்வில் கேள்வி பதில் பகுதிக்கு நிமிடத்துக்கு 225 சொல் வேகமும் 95 சதவீதத் துல்லியமும் கேட்கிறார்கள். அதிலும் சாட்சி அழுதுகொண்டே பேசும்போதும், இரண்டு வக்கீல்கள் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும்போதும் கை நிற்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி எழுதும்போது நான் நியூரம்பர்க் விசாரணையை நினைத்துக்கொள்வேன். 1945 நவம்பரில் தொடங்கிய அந்த விசாரணை ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் என நான்கு மொழிகளில் உடனுக்குடன் மொழிபெயர்க்கப்பட்டு நடந்தது. பேசுகிறவர் வேகமாகப் போனால் மஞ்சள் விளக்கு எரியும், நிறுத்த வேண்டுமென்றால் சிவப்பு விளக்கு. மொழிபெயர்ப்பவருக்காக நீதிமன்றமே மெதுவாகப் பேச வேண்டியிருந்தது. உங்கள் நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளருக்கு அந்த விளக்கு இருக்காது, அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று போய்க் கேளுங்கள், எழுத நிறையக் கிடைக்கும்.

ஒவ்வொரு வகைச் செய்திக்கும் தனித்தனிக் கவனம்

புதிதாகச் சேர்ந்தவர் செய்தி எளிது. பெயர், பிரிவு, எந்த மேசையில் உட்காருவார், என்ன விஷயத்துக்கு அவரிடம் போகலாம். அவருக்கு இஷ்டம் இருந்தால் ஒரு வரி சொந்த விஷயம்.

இடமாற்றத்தில் காரணம் எழுதக் கூடாது. விருப்ப மாற்றமா, நிர்வாகக் காரணமா என்று எதுவும் வேண்டாம், "இங்கே இத்தனை வருடம் இன்ன வேலை பார்த்தார், இன்ன நீதிமன்றத்துக்குப் போகிறார்" என்பதோடு அவர் விட்டுப்போகும் வேலை இனி யாரிடம் என்பதையும் போடுங்கள். இந்தக் கடைசி விவரத்துக்காகவே பலர் உங்கள் தாளைத் தேடிப் படிப்பார்கள். பதவி உயர்வைப் பற்றி எழுதும்போது அதே பதவிக்குக் காத்திருந்த மற்றவர்களும் படிக்கிறார்கள் என்பது நினைவிருக்கட்டும். "தகுதியான ஒரே நபர்", "எல்லோரையும் முந்தி" போன்ற சொற்கள் ஒருவரை உயர்த்துகிற அதே நேரத்தில் பக்கத்து மேசைக்காரரைக் காயப்படுத்தும்.

உடல்நலமில்லாமல் நீண்ட விடுப்பில் இருப்பவரைப் பற்றி, அவரே சொல்லி அனுப்பிய வாசகத்தைத் தவிர ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். நோயின் பெயர் வேண்டவே வேண்டாம். பிரசவம், திருமணம் எல்லாமே இப்படித்தான், அவர்கள் சொன்ன பிறகு, அவர்கள் சொன்ன அளவுக்கு.

ஓய்வுச் செய்திக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். கடைசி வாரத்தில் ஆரம்பித்தால் வழியனுப்பு ஏற்பாட்டு அவசரத்தில் பழைய வரிகளையே எடுத்துப் போடுவீர்கள். இரண்டு மாதத்துக்கு முன்பே அவரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். எந்த வருடம் சேர்ந்தார், அப்போது தட்டச்சு இயந்திரமா, கையெழுத்தா, முதல் நாள் யார் வேலை சொல்லிக் கொடுத்தார், கணினி வந்தபோது எப்படி இருந்தது, எந்தப் பதிவேடு இப்போது இல்லை. இவையெல்லாம் அவர் போன பிறகு யாருக்கும் தெரியாது. அந்த நீதிமன்றத்தின் வரலாற்றை வேறு யாரும் எழுதி வைப்பதில்லை, உங்கள் ஓய்வுச் செய்திகளைச் சேர்த்து வைத்தால் அதுவே அந்த வரலாறு. அவர் சொல்லிக் கொடுத்து வளர்ந்தவர்கள் இப்போது எங்கெங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள், அவர்களில் இரண்டு பேரிடம் பேசி ஆளுக்கொரு வரி வாங்குங்கள். வழக்குகளைப் பற்றிய கதைகள் நிச்சயம் வரும், ரசித்துக் கேளுங்கள், நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

மறைவுச் செய்தி வரும் நாளும் வரும். அவசரப்படாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை வைத்து எழுதாமல், குடும்பத்தில் ஒருவரிடம் தலைமை எழுத்தர் பேசி உறுதி செய்த பிறகு எழுதுங்கள். இறந்த காரணம் வேண்டாம். அவர் செய்த வேலையைப் பற்றி உண்மையான, குறிப்பான இரண்டு வரி இருந்தால் போதும். எழுதியதைக் குடும்பத்தாரிடம் முதலில் காட்டுங்கள், அச்சடித்த பிறகு நல்ல தாளில் ஒரு பிரதி நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பாராட்டுக்கு ஆள் தேர்ந்தெடுப்பது

மாதம் ஒருவரைப் பாராட்டுவது என்று ஆரம்பித்தால் முதல் வருடத்தில் என்ன நடக்கும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: நீதிபதியின் கண்ணில் தினமும் படுகிறவர்கள்தான் வருவார்கள். பெஞ்ச் கிளார்க், ஸ்டெனோ, மறுபடி பெஞ்ச் கிளார்க். அவர்கள் தகுதி இல்லாதவர்கள் என்று இல்லை. கூடத்துக்குள் நடப்பது மட்டும்தான் தேர்ந்தெடுப்பவர்களுக்குத் தெரிகிறது. இதற்கு நான் வைத்திருக்கும் வழி, முதல் வாரத்தில் போட்ட அந்த நோட்டுதான். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ஊழியர் செய்தியில் அவர் எப்போது வந்தார் என்று தேதி போட்டு வாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, எதிரே ஒன்றுமே இல்லாத பெயர்களைப் பாருங்கள். அந்தப் பிரிவுக்குப் போய் உட்கார்ந்து, மேலே சொன்ன மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஆனால் முறை வந்துவிட்டது என்பதற்காக எதையாவது இட்டுக்கட்டி எழுதாதீர்கள், அது படிக்கிறவர்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். எப்படியும் எழுதத் தகுந்த ஏதாவது ஒன்று இருக்கும், தேடினால் கிடைக்கும்.

பரிந்துரையைச் சக ஊழியர்களிடமிருந்து வாங்குங்கள். சின்ன அட்டையில் "யார், என்ன செய்தார், அதனால் யாருக்கு வேலை சுலபமானது" என்று மூன்று வரி எழுதிப் பெட்டியில் போடச் சொன்னால் போதும். தேர்ந்தெடுக்கும் குழுவில் வெவ்வேறு பிரிவிலிருந்து மூன்று பேர் இருக்கட்டும், அதில் ஒருவர் கடைநிலைப் பணியாளராக இருப்பது அவசியம் என்பது என் கருத்து. ஒருவராகச் செய்யாத வேலைக்கு ஒருவரைப் பாராட்டாதீர்கள். கட்டுகளையெல்லாம் புதிய கட்டடத்துக்கு மாற்றியதில் சுமந்தவர்கள், அடுக்கியவர்கள், சரிபார்த்தவர்கள் எல்லோர் பெயரும் வர வேண்டும்.

பரிசு, வசூல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒரு ஊழியரின் ஓய்வுக்கு வக்கீல்களும் பங்கு கொடுக்கிறோம் என்று அன்போடு முன்வருவார்கள். நாளைக்கு அந்த வக்கீலின் மனு நம் கவுன்டருக்குத்தான் வரும், அதனால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள், மேடையில் வந்து வாழ்த்திப் பேசட்டும். நீதிபதிகளின் நடத்தை பற்றி 2002-ல் இறுதி வடிவம் பெற்ற பெங்களூரு கோட்பாடுகள், நீதிபதி தன் கீழ் வேலை செய்யும் ஊழியர்கள் பணி சம்பந்தமாகப் பரிசோ சலுகையோ கேட்பதையும் வாங்குவதையும் தெரிந்தே அனுமதிக்கக் கூடாது என்று சொல்கின்றன. ஆக, நீங்கள் ஒரு உறையை வாங்கினால் அந்தச் சங்கடம் நீதிபதி வரைக்கும் போகும். உங்கள் அலுவலக நடத்தை விதிகளில் என்ன வரம்பு இருக்கிறது என்பதையும் கணக்குப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊழியர்களுக்குள் வசூலிக்கும்போது ஒரு மூடிய உறையை மேசை மேசையாக அனுப்புங்கள், யார் எவ்வளவு என்று எழுதி வைக்காதீர்கள். சம்பளம் குறைந்தவர்கள் பட்டியலைப் பார்த்துச் சங்கடப்பட்டுக் கடன் வாங்கிப் போடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கட்சிக்காரர் ஒருவர் "உங்கள் ஊழியர் எனக்கு ரொம்ப உதவினார்" என்று நன்றிக் கடிதம் எழுதினால்? நல்ல விஷயம்தான், ஆனால் அதை அப்படியே போட்டுவிடாதீர்கள். முதலில் தலைமை எழுத்தரிடம் கொடுங்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தால் எதிர்த்தரப்பு அதை எப்படிப் படிக்கும் என்று உங்களுக்கே தெரியும். கடிதம் வந்த விஷயத்தை ஊழியரிடம் தனியாகச் சொல்லலாம், அந்தச் சந்தோஷம் அவருக்குச் சேர வேண்டியது. எழுதியவர் பெயரும் வழக்கும் இல்லாமல், ஊழியர் என்ன செய்தார் என்பதை மட்டும் பிறகு உங்கள் வார்த்தையில் எழுதலாம்.

கூட்டம் நடத்தும் நாள்

வழியனுப்பு விழாவை நீதிமன்ற நேரத்தில் வைக்காதீர்கள். வாய்தாவுக்காக வெளியூரிலிருந்து வந்து, தன் வழக்கை எப்போது கூப்பிடுவார்கள் என்று வராந்தாவில் நிற்கிறவருக்கு உள்ளே கைதட்டலும் சிரிப்பும் கேட்டால் எப்படி இருக்கும். விசாரணை நேரம் முடிந்த பிறகு, கூடத்தைத் தவிர வேறு அறையில் வையுங்கள். கவுன்டரில் இருப்பவரை மாற்றிவிட ஆள் ஏற்பாடு செய்யாவிட்டால், எல்லோரும் கொண்டாடும்போது அவர் மட்டும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார், பல வருடங்கள் இதை யாரும் கவனிப்பதே இல்லை. பேச்சு ஆளுக்கு இரண்டு நிமிடம். நீதிபதி பேசுவது எல்லோருக்கும் பெருமை, ஆனால் அவருக்கு அந்த ஊழியரின் வேலையைப் பற்றி விவரமாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, நீங்கள் சேகரித்ததிலிருந்து நாலு வரி எழுதி முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். ஓய்வு பெறுகிறவரைப் பேசச் சொல்லும்போது கட்டாயப்படுத்தாதீர்கள், சிலருக்குக் குரல் வராது.

அச்சுக்கு முன்னும் பின்னும்

எழுதி முடித்ததும் மூன்று பேர் படிக்க வேண்டும். செய்தியில் வருகிறவர், அவருடைய பகுதியை மட்டும். வேறு பிரிவில் இருக்கும் ஒருவர், அவருக்குப் புரிகிறதா என்று பார்க்க. தலைமை எழுத்தரோ நிர்வாக அதிகாரியோ, வழக்கு விவரம் ஏதாவது நுழைந்துவிட்டதா என்று பார்க்க. மூன்றாவது ஆளின் ஒப்புதலைக் கையெழுத்தாக வாங்கி வையுங்கள், இந்தப் பழக்கம் பின்னால் உங்களைக் காப்பாற்றும்.

ஊழியர் அறையிலும் சாப்பாட்டு அறையிலும் ஒட்டுங்கள், பொதுமக்கள் நடமாடும் வராந்தாவில் வேண்டாம். கைபேசிக் குழுவில் போட்டால் அது வெளியே போகும் என்றே வைத்துக்கொண்டு எழுதுங்கள். இரவுக் காவலருக்கும் கள வேலையிலேயே இருப்பவர்களுக்கும் தனியாக ஒரு பிரதி எடுத்துக் கையில் கொடுங்கள். தவறு வந்துவிட்டால் அடுத்த இதழில் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள், சம்பந்தப்பட்டவரிடம் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு இதழிலும் ஒரு பிரதியைத் தேதி போட்டு ஒரு கட்டாகக் கட்டிப் பதிவறையில் கொடுத்து வையுங்கள், பக்கத்திலேயே அந்தப் பெயர் நோட்டும் இருக்கட்டும். உங்களுக்கு இடமாற்றம் வரும்போது அடுத்தவருக்கு இரண்டையும் கையில் கொடுத்து, எதிரே தேதி இல்லாமல் இன்னும் காலியாக இருக்கும் பெயர்கள் யார் யார் என்று விரல் வைத்துக் காட்டிவிட்டுப் போங்கள்.